அக்புலாக் தொட்டித் தண்ணீர்

முலாம்பழக் கொடிக்குப் பழுக்கும் வாரத்தில் தண்ணீர் விடக்கூடாது, காஜியாரே. எனக்காக நீங்கள் வெட்டி வைக்கச் சொன்ன இந்தப் பழத்தில் நிறம் இருக்கிறது, மணம் இருக்கிறது, வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறது. யாரோ ஆசைப்பட்டுக் கடைசிவரை மடையைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். உங்கள் தோட்டக்காரரைக் கோபிக்க வேண்டாம். அவருக்குத் தெரிந்திருக்காது.

இதை நீதி அவையின் எழுத்தர் எழுத வேண்டியதில்லை. இனிமேல் சொல்வதை எழுதட்டும்.

என் பெயர் பக்தியார். கோய் வட்டாரத்தின் மீராப். எந்த ஊருக்கு, எந்த நாளில், எத்தனை நாழிகை தண்ணீர் என்று பங்கிட்டு விடுவது என் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகள் செய்திருக்கிறேன். மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்ற அண்ணன் தம்பிகள், நான் வந்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்ததும் அதைக் கீழே போட்டிருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. அக்புலாக் ஊர் ஏன் உன் பேச்சைக் கேட்டது என்று நேற்று கேட்டீர்கள். அதற்கான பதில் இதுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அந்தக் கோடையில் எல்லையோரம் எப்படி இருந்தது என்பதைத் தப்ரீஸில் இருந்தவர்கள் அறிந்திருக்க முடியாது. உதுமானிய சுல்தானின் படை மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு ஒரு பிடி கோதுமைகூடக் கிடைக்கக் கூடாது என்று நம்முடைய தளபதிகளே வயல்களுக்குத் தீ வைத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். சாலை முழுவதும் ஜனங்கள். எல்லார் முகத்திலும் கரி. ஒருவர் தன் வீட்டுக் கதவைக் கழற்றி முதுகில் கட்டிச் சுமந்து வந்தார். வீடு எரிந்துவிட்டது, கதவு மட்டும் மிச்சம். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டேன். கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேலே நடந்தார்.

வருகிறவர்கள் ஒரு லட்சம் பேர் என்றார்கள். வண்டிகளில் பீரங்கிகளை இழுத்து வருகிறார்கள் என்றார்கள். நம்மிடம் பீரங்கி இல்லையே என்று கேட்டால், ஷா இருக்கிறார் என்றார்கள். என் மகன் சியாவுஷும் அதையே சொன்னான். அவனுக்குப் பத்தொன்பது வயது. பூதாக் பேக் என்ற தளபதியின் குதிரைப்படையில் சேர்ந்து சிவப்புத் தொப்பி வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.

"பீரங்கியெல்லாம் பேடிங்க வெக்கற சாமான்பா. ஆம்பளையா இருந்தா கத்தியோட வரட்டும்" என்றான்.

"பீரங்கிக் குண்டுக்கு யாரு ஆம்பள, யாரு பேடின்னு பாக்கத் தெரியாதுடா."

சிரித்தான். அவனுடைய அம்மா அவனைப் பெற்ற மறுநாளே போய்விட்டாள். நான்தான் ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தேன். எனக்கு வேறு பிள்ளைகள் இல்லை. இதையும் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். உதுமானியர் சண்டை நடக்கவிருந்த சமவெளிக்கு வந்து சேரும்போது அவர்களில் எத்தனை பேர் நிற்க முடியாதவர்களாக இருக்கிறார்களோ, அந்த அளவுக்கு என் மகன் பிழைக்க வழி உண்டு. சோறு தின்னும்போதும் இதுதான் மனதில். தொழும்போதும் இதுதான்.

ஒருநாள் காலை பூதாக் பேக் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோய்க்கு வெளியே ஒரு வாதுமைத் தோப்பில் கூடாரம் போட்டிருந்தார். எட்டு நாட்களாகக் குதிரையைவிட்டு இறங்காதவர் போலக் காலை அகட்டி அகட்டி நடந்தார்.

"பக்தியார், அவனோட முன்படை அக்புலாக் கணவாய் வழியாத்தான் வரும்போலத் தெரியுது" என்றார். "அங்க ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது. ரெண்டு நாள் தண்ணியில்லாம இந்த வெயில்ல வந்தான்னா அவன் குதிரையே அவனத் தூக்கிப் போட்டுடும். ஊத்து, கெணறு எல்லாத்தையும் நாசம் பண்ணு. ஜனங்கள கோய்க்குக் கூட்டிட்டு வந்துடு."

ஆணையில் இரண்டு பகுதிகள் இருந்தன. முதல் பகுதியை நான் முழுமையாக நிறைவேற்றினேன்.

கோய் ஊரில் ஒரு தோல் பதனிடுபவரிடம் வெள்ளைப் பாஷாணம் வாங்கினேன். இரண்டு தோல் பை நிறைய. எதற்கு இவ்வளவு என்று கேட்டார். எலி அதிகம் என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அந்த வாரம் யாரும் எதையும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

தண்ணீரை அழிப்பதால் படை அழியாது, காஜியாரே. தாகத்தோடு வருகிறவனை நான் இருபத்திரண்டு ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அவன் சாவதில்லை. நகத்தால் மண்ணைத் தோண்டியாவது நாக்கை நனைத்துக்கொண்டு, இரட்டைக் கோபத்தோடு வந்து சேர்வான். அவனுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் அவனை முடிக்க வேண்டும். குதிரைமேல் போகும்போது இவ்வளவுதான் யோசித்திருந்தேன். அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மேற்கேயிருந்து ஓடி வந்த ஒருவன் சொல்லியிருந்தான்: ஆளில்லாத ஊர்களில் உதுமானியர் எந்தக் கிணற்றையும் நம்புவதில்லை. முதலில் ஒரு நாயைக் குடிக்கவிட்டுக் காத்திருந்து பார்க்கிறார்கள்.

காலி ஊரில் நிறைந்த தொட்டி என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். பெண்கள் குடத்தோடு படியிறங்கி ஏறுகிற தொட்டி, குழந்தைகள் வாய் வைத்துக் குடிக்கிற தொட்டி என்றால் யார் சோதிப்பார்கள்? பாஷாணம் குடித்த உடனே காட்டாது. ஊர் குடித்தபின் ஒரு சாமத்துக்குள் படை வந்துவிட்டால் போதும்.

இந்த எண்ணம் வந்தபோது நான் குதிரையை நிறுத்தினேன். சிறிது நேரம் நின்றேன். பிறகு போனேன். நின்றேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அக்புலாக்கில் நூற்று அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஊருக்கு வெளியே நான்கு ஊற்றுகள். நடுவில் தரைக்கடியில் கல்லால் கட்டிக் கூரை வளைத்த நீர்த்தொட்டி. இருபது படி இறங்க வேண்டும். கதவும் பூட்டும் உண்டு. மலையிலிருந்து மண்ணுக்கடியில் வரும் வாய்க்கால் அதை நிரப்பும். அந்த வாய்க்காலைச் செப்பனிட்டுக் கொடுத்ததே நான்தான்.

ஊர்த்தலைவர் ஐவாஸ் எதிரே வந்து என் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் யூனுஸும் என் மகனும் ஒரே படைப்பிரிவு, ஒரே கூடாரம்.

"வாங்க மீராப் ஐயா. இருபது வருஷமா தண்ணிய அளந்து அளந்து விட்டீங்க. இப்பப் பாருங்க, ஊரே அழியப்போற நேரத்துல தொட்டி தளும்பிக்கிட்டு நிக்குது" என்றார்.

"மூடி வெய்யிங்க அத" என்றார் அவர் மனைவி நாஸ்பானு. "மீராப் ஐயா பாத்தா மேல் ஊருக்குப் பாதிய எழுதிக் குடுத்துடுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊற்றுகளை அழிக்க வேண்டும் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. நாஸ்பானுதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நல்லா இருக்குதே கதை. சண்ட போடறது ராஜாக்கமாரு, செத்த கழுதைய இழுத்து ஊத்துல போடறது நாங்களா?"

"நாத்தம் புடிச்ச வேலையெல்லாம் என்னைக்கு ராஜா செஞ்சான்?" என்றார் ஐவாஸ். "வாங்கடா, கயிறு எடுங்க."

மறுநாள் முழுவதும் அவர்களே செய்தார்கள். செத்த மிருகங்களையும் சாணத்தையும் தொழுவக் குப்பையையும் இழுத்து வந்து கொட்டினார்கள். கடைசி ஊற்றில் தள்ளுவதற்கு முன் ஐவாஸ், "இருங்கடா" என்று நிறுத்தி, மண்டியிட்டு ஒரு கை அள்ளிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "ம், தள்ளுங்க" என்றார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கண் கலங்கியிருந்தது என்று நினைக்கிறேன்.

வேலை முடிந்து திரும்பும்போது கேட்டார். "நாங்க எப்பக் கெளம்பணும்?"

"இருங்க. கோய் ஊர்லேருந்து வண்டி வருது. கொழந்தைங்களையும் வயசானவங்களையும் இந்த வெயில்ல எதுக்கு நடக்க வெக்கணும்?"

"வண்டிக்கு முன்னால ரூமிக்காரன் வந்துட்டா?" உதுமானியரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"வந்தா பயப்படாதீங்க. தொட்டியத் தெறந்து விடுங்க. தாகமா வர்றவன் தண்ணி குடுத்த கைய வெட்ட மாட்டான்."

ஐவாஸ் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க சொன்னாச் சரி" என்றார். அந்த ஊரில் அந்தச் சொல்லை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு அது பிடித்திருந்தது. அன்றும் பிடித்திருந்தது.

இப்போது வெளியே உட்கார்ந்திருக்கிறாளே துர்னா, இந்த வழக்கைக் கொண்டுவந்தவள், அவளும் அன்று அங்கே இருந்தாள். புருஷன் இல்லாதவள், வாய் கொஞ்சம் நீளம். வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போன வருஷம் மேல் ஊருக்கு ஒரு நாழிகை கூட விட்டீங்க. நான் மறக்கல."

"சண்டை முடியட்டும். ஒனக்கு ரெண்டு நாழிகை கூட விடறேன்."

"உயிரோட இருந்தா வாங்கிக்கறேன். இப்ப இந்த ஆடுங்கள என்ன பண்ணச் சொல்றீங்க?"

படை எடுத்துக்கொண்டது போக ஊரில் எழுபது ஆடுகள் மிச்சம் இருந்தன. எல்லாவற்றையும் உடனே மேல் மலைக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன். நாய்களையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். நாலு நாள் கழித்து இறங்கி வந்தால் போதும் என்றேன். மிருகங்கள் மனிதர்களைவிட அதிகம் குடிக்கும், முதலில் விழும், ஊர் விழித்துக்கொள்ளும். அவள் அதை என் நல்ல மனது என்று எடுத்துக்கொண்டாள். போகிறபோது, "ஒங்களத் திட்டினத மனசுல வெச்சுக்காதீங்க ஐயா" என்றாள். நேற்று இந்த வாசலில் என்மேல் துப்பினாள். அதையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடியற்காலைத் தொழுகையை அவர்களோடு தொழுதேன். பிறகு தொட்டிக்குள் தனியாக இறங்கினேன். வாய்க்கால் அடைப்பைப் போட்டேன். இரண்டு பைகளையும் தூவி, நீளக் கழியால் நெடுநேரம் கலக்கினேன். மூலைகளில் தங்காமல் பார்த்துக்கொண்டேன். எந்த வேலையையும் அரைகுறையாக விடுவது என் பழக்கம் அல்ல. முன்படை அன்று மாலைக்குள் வந்துசேரும் என்பது என் கணக்கு. ஏறி வந்ததும் ஐவாஸிடம் சாவியைக் கொடுத்தேன்.

"கலங்கலா இருந்துச்சு. தெளியறதுக்குச் சுண்ணாம்பு போட்டிருக்கேன். பிற்பகல்ல அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னப்பறம் தெறங்க. அது வரைக்கும் வீட்டுக் குடத்துல இருக்கறதக் குடிங்க."

"இந்த நேரத்துலயும் தண்ணி தெளிஞ்சிருக்கணும்னு பாக்கறீங்களே" என்றார் அவர்.

நாஸ்பானு எனக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு கிண்ணம் மோரும் கொண்டுவந்தார். மோர் முந்தைய நாள் தண்ணீரில் கலக்கியது. குடித்தேன். "யூனுஸப் பாத்தா, கால்ல புண்ணு ஆறுச்சான்னு கேளுங்க. கேட்டா சொல்ல மாட்டான், நீங்க துணியப் பிரிச்சுப் பாருங்க" என்றார். சரி என்றேன். கிளம்பினேன்.

மற்றதை நேற்றே சொன்னேன். உதுமானிய முன்படை அக்புலாக் பக்கமே வரவில்லை. வடக்கே இருந்த வேறொரு வழியாகத் திரும்பிவிட்டது. அங்கே ஓர் ஓடை ஓடுகிறது. அதை அழிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஒரு லட்சம் பேரும் அவர்களுடைய குதிரைகளும் ஒட்டகங்களும் அதில் வயிறு நிறையக் குடித்துவிட்டுச் சால்திரான் சமவெளிக்கு வந்தார்கள். இந்தச் செய்தி எனக்குத் தாமதமாகக் கிடைத்தது என்று நேற்று சொன்னேன். அதைப்பற்றிப் பிறகு பேசுகிறேன்.

நான் சமவெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது நம் படை கூடாரம் போட்டிருந்தது. சியாவுஷ் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் யூனுஸ், காலைச் சாய்த்துச் சாய்த்து.

"மாமா, எங்க ஊரு ஜனங்க எல்லாம் கெளம்பிட்டாங்களா?"

"எல்லாரும் கெளம்பிட்டாங்கப்பா."

"அம்மாவும்? அது வீட்ட விட்டு நகராதே. கோழியக் கட்டி எடுத்துக்கிட்டுத்தான் நகரும்."

"அம்மாவும்தான்."

அப்போது அஸர் கடந்து ஒரு முழு நாளும் இரவும் ஆகியிருந்தது. ஆகவே நான் சொன்னது பொய் அல்ல. அவன் காலில் கட்டியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தேன். புண் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஒங்க மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றான் சியாவுஷ்.

"தூக்கமில்ல."

"நாளைக்கு ஜெயிச்சுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

சண்டையை நான் பொதி வண்டிகள் நின்ற மேட்டிலிருந்து பார்த்தேன். உதுமானியர் களைத்துப் போய் வந்திருக்கிறார்கள், வரிசை கட்டுவதற்குள் பாய்ந்துவிட வேண்டும் என்று நம்மில் சிலர் சொன்னார்களாம். அது கேட்கப்படவில்லை. ஏன் என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை. அவர்கள் வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்து, நடுவே பீரங்கிகளை நிறுத்தும்வரை நம் ஆட்கள் காத்திருந்தார்கள். பிறகு பாய்ந்தார்கள்.

சிவப்புத் தொப்பிகள் ஒரே அலையாகப் போனதைப் பார்த்தேன். புகை எழுந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. புகை விலகியபோது அலையின் நடுவில் பெரிய பள்ளம் விழுந்தது போல இருந்தது. மறுபடி போனார்கள். மறுபடி புகை. இடப்பக்கம் நம் ஆட்கள் அவர்களை உடைத்து உள்ளே போனார்கள், ஒரு கணம் எல்லாரும் கத்தினோம். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், புருஷனைத் தேடி வந்தவள், என் தோளைப் பிடித்து உலுக்கி, "போயிட்டாங்க, உள்ள போயிட்டாங்க" என்று அழுதாள். பிறகு அந்த இடமும் புகையானது. பிற்பகலுக்குள் முடிந்துவிட்டது. ஷா காயத்தோடு தப்பினார் என்றார்கள். பூதாக் பேக் தப்பவில்லை.

பின்வாங்கி ஓடிய குதிரைகளுக்கு எதிர்த் திசையில் நான் இறங்கிப் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. யூனுஸை முதலில் கண்டேன். காலில் கட்டு இருந்ததால் தெரிந்தது. சியாவுஷ் அவனுக்குச் சற்றுத் தள்ளிக் கிடந்தான். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. தண்ணி என்றான். என் தோல்பையில் இருந்ததைக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தான். மூன்றாவது வாய் வெளியே வந்துவிட்டது.

ஆக, நான் செய்ததால் யாருக்கும் பயன் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயன் இருந்திருந்தால் இன்று இந்த அவையில் என்னை எங்கே உட்கார வைத்திருப்பீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். பத்தாயிரம் பேர் கொண்ட முன்படை அக்புலாக்கில் குடித்து விழுந்திருந்தால், சுல்தான் திரும்பிப் போயிருப்பார். தப்ரீஸ் பிழைத்திருக்கும், அந்த மேட்டில் அழுத பெண்ணின் புருஷன் பிழைத்திருப்பான், யூனுஸ் பிழைத்திருப்பான். நூற்று அறுபத்தொரு பேர் சிறிய தொகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பகலில் ஆயிரக்கணக்கானவர்களைப் புகைக்குள் அனுப்பியவர்களை யாரும் இங்கே கூப்பிடவில்லை.

துர்னா நேற்று சொன்னதை மறுக்கமாட்டேன். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. அவள் சொன்னதில் சில விவரங்கள் எனக்குப் புதியவை. அஸருக்குப் பிறகு ஊர் வரிசையில் நின்று குடித்திருக்கிறது. வெயிலில் குழந்தைகள் அழுததால் ஐவாஸ் குழந்தைகளை முதலில் விட்டிருக்கிறார். அவர் எப்போதும் நியாயமான மனிதர். முதலில் வாந்தி எடுத்தவர்களைக் கண்டு, ஊற்றுகளில் போட்ட செத்த மிருகங்களின் காற்று பட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுப்பதுதானே வழக்கம். கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

எனக்குக் கொஞ்சம் மருந்து தெரியும் என்பதால், என்னை அழைத்து வர ஒருவனை அனுப்பியிருக்கிறார்கள். அவனும் குடித்திருந்தான். கணவாய்ப் பாதையில் கிடந்தான் என்றாள் துர்னா.

அவள் நான்காம் நாள் ஆடுகளோடு இறங்கி வந்தபோது நாஸ்பானுவுக்கு மட்டும் உயிர் இருந்ததாம். மீராப் ஐயா சுண்ணாம்பு போட்டிருக்கிறார், தண்ணீர் நன்றாகத் தெளிந்திருக்கிறது, ஒரு கிண்ணம் கொண்டுவா என்று கேட்டாராம். துர்னா படியிறங்கும்போது, தொட்டி வாசலில் சிந்திய தண்ணீரைச் சுற்றிச் சிட்டுக்குருவிகள் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். வெறும் கிண்ணத்தோடு ஏறி வந்தாளாம். நாஸ்பானு அவளைத் திட்டியபடியே போய்விட்டாராம்.

இதை அவள் சொல்லும்போது அவையில் சிலர் அழுதார்கள். நான் அழவில்லை என்று எழுத்தர் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். சரியாகத்தான் குறித்தார். சென்ற ஆண்டு அந்தத் தொட்டியை நானே இறைத்துக் கழுவி, புதிதாகக் காரை பூசி, மூன்று முறை நிரப்பி மூன்று முறை வெளியேற்றினேன் என்பதையும் குறித்துக்கொண்டால் நல்லது. இப்போது அதில் நல்ல தண்ணீர் இருக்கிறது.

இனி அந்தச் செய்தியைப் பற்றி.

நேற்று மாலை கரீப் என்ற படைவீரன் இடது கை இல்லாமல் இங்கே வந்து நின்றான். அவன் சால்திரானில் போய்விட்டான் என்றே நினைத்திருந்தேன். உயிரோடு இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அவன் சொன்னதுதான் சரி. செய்தி தாமதமாகக் கிடைத்தது என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். நான் அக்புலாக்கிலிருந்து கிளம்பிய அன்றே, வெயில் ஏறுவதற்கு முன், வழியில் மாவரைக்கும் நீராலை அருகே பாப்ளர் மரங்களின் கீழ் அவன் என்னைச் சந்தித்தான். குதிரையைவிட்டு இறங்காமலே சொன்னான்.

"முன்படை வடக்கால திரும்பிருச்சு மீராப் ஐயா. அக்புலாக் பக்கம் ஒருத்தனும் வரமாட்டான். ஜனங்களோட நேரா பாளையத்துக்கு வந்துடுங்கன்னு பேக் சொன்னாரு." பிறகு எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தான். "ஜனங்க எங்க?"

"பின்னால வர்றாங்க" என்றேன். அவன் போய்விட்டான்.

நீராலையிலிருந்து அக்புலாக்குக்குக் குதிரையில் ஐந்து நாழிகை. அஸருக்கு அதைப்போல மூன்று மடங்கு நேரம் இருந்தது. ஆம், போயிருக்கலாம். உங்கள் கேள்வி புரிகிறது.

போய் என்ன சொல்வது, காஜியாரே? ஐவாஸ் கையில் சாவியோடு எதிரே வருவார். திறக்காதீர்கள் என்றால், ஏன் என்பார். ஏன் என்று கேட்டால் நான் சொல்ல வேண்டும். அவர்கள் என்னைக் கொன்றிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பயம் எனக்கு இல்லை. அவர்கள் கொல்லமாட்டார்கள். நின்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். இருபத்திரண்டு ஆண்டுகள், ஒரு மடைக்குக்கூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் மரத்தடியில் இறங்கினேன். சேணத்தைக் கழற்றினேன். வைக்கோலைச் சுருட்டிக் குதிரையின் முதுகைத் துடைத்துவிட்டேன். கையில் இருந்த ரொட்டியைத் தின்றேன். நிழல் கிழக்கே நீள ஆரம்பித்து, அஸர் நேரம் வந்து, கடந்து போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடந்தபின் எழுந்து சேணத்தைக் கட்டினேன். அதற்குமேல் போனாலும் பயனில்லை என்று அப்போது உறுதியாகிவிட்டது.

நான் திரும்பிப் போகாததற்குக் காரணம் எழுத வேண்டும் என்றால் இதை எழுதச் சொல்லுங்கள். குதிரை விடியற்காலையிலிருந்து மேடும் பள்ளமுமாக வந்திருந்தது. களைத்திருந்தது. அந்த வெயிலில் அதை மறுபடியும் விரட்ட எனக்கு மனம் வரவில்லை. வாயில்லா ஜீவனை வதைப்பது எனக்கு என்றைக்கும் ஆகாது.